காந்தாரம் உரசிய காலம்

கியோம் த மாஷோ 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர், இசையமைப்பாளர். ரீம்ஸ் நகரப் பேராலயத்தைச் சேர்ந்தவர். நான்கு குரல்கள் சேர்ந்து பாடும்படி அவர் எழுதிய திருப்பலி இசை ஒன்று இன்றும் பாடப்படுகிறது. சினிமாப் பாட்டும் சர்ச் பாட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு அதன் முடிவுகள் கொஞ்சம் வெறுமையாகப் படும். குரல்களெல்லாம் சட்ஜத்திலும் (ச) பஞ்சமத்திலும் (ப) போய் நின்றுவிடும், நடுவில் காந்தாரம் (க) இருக்காது. கீபோர்டு கற்கும் பிள்ளைகூட முதல் வாரத்திலேயே 'ச க ப' என்று மூன்று விரல் வைத்து கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடிக்கிறதே, மாஷோவுக்கு இது தெரியாதா?

நன்றாகத் தெரியும். பாட்டின் நடுவே காந்தாரத்தைத் தாராளமாகப் போட்டவர், முடிக்கும் இடத்தில்தான் தவிர்க்கிறார். ஏன் என்று இன்றைய ஹார்மனி பாடநூலைக் கேட்டால் பதில் வராது. அவர் காலத்து நூல்களைத்தான் புரட்ட வேண்டும்.

அன்றைய ஐரோப்பியர்கள் பித்தாகரஸ் பெயரால் வழங்கிய முறையில் சுரங்களைக் கணக்கிட்டார்கள். அதில் எல்லாச் சுரமும் பஞ்சமத்திலிருந்தே பிறக்கும். பஞ்சமம் என்பது 3:2 விகிதம். சட்ஜம் 256 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் பஞ்சமம் 384. அதற்குப் பஞ்சமம் 576, அது ரிஷபம். அடுத்து 864, தைவதம். இன்னொரு படி ஏறினால் 1296, அதுதான் காந்தாரம். இரண்டு ஸ்தாயி கீழே இறக்க நான்கால் வகுத்தால் 324 ஹெர்ட்ஸ்.

நன்கு சுருதி சேர்த்த தம்புராவை மீட்டும்போது, அதற்கென்று தந்தி இல்லாமலே தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் வேறு. அது தந்தியின் ஐந்தாம் மடங்கு அதிர்வில் பிறப்பது, அதாவது 5:4 விகிதம். நம் கணக்கில் 320 ஹெர்ட்ஸ். வித்தியாசம் நான்கே நான்கு ஹெர்ட்ஸ், இதில் என்ன ஆகிவிடும்?

நிறைய ஆகும். குரலோ தந்தியோ ஒரே ஓர் அதிர்வெண்ணை மட்டும் எழுப்புவதில்லை, அதன் மடங்குகளும் மேற்சுரங்களாகக் கூடவே வரும். சட்ஜத்தின் ஐந்தாம் மடங்கு 1280. காந்தாரம் 320 என்றால் அதன் நான்காம் மடங்கும் 1280. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்துவிடும். காந்தாரம் 324 என்றால் நான்காம் மடங்கு 1296. 1280க்கும் 1296க்கும் இடையில் விநாடிக்கு 16 விம்மல்கள், அதாவது ஒலி அத்தனை முறை ஏறி இறங்கும். காது அதைச் சொரசொரப்பாக உணரும். ஒத்திசைவை இப்படி விம்மல் கொண்டு விளக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863இல். மாஷோ காலத்தில் யாருக்கும் இந்த விளக்கம் தெரியாது, ஆனால் காது இருந்ததே.

அந்தச் சொரசொரப்பை அவர்கள் ஒரு குறையாகப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். இத்தாலியின் பதுவாவைச் சேர்ந்த இசை அறிஞர் மார்க்கெத்தோ 1318 வாக்கில் எழுதிய நூலில், மூன்றாம் (ச–க போல), ஆறாம் (ச–த போல) இடைவெளிகளைக் காது பொறுத்துக்கொள்ளும் முரணிசைகள் என்கிறார். முரணிசை அங்கேயே நிற்கக் கூடாது, பக்கத்தில் உள்ள ஒத்திசைவுக்கு நகர வேண்டும். அக்கால முடிவு ஒன்றைக் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள்: முதலில் சதுசுருதி ரிஷபம், பிரதி மத்திமம், காகலி நிஷாதம் மூன்றும் (C சட்ஜமானால் D, F#, B) சேர்த்து. அப்புறம் ரிஷபம் சட்ஜத்துக்கு இறங்க, மத்திமம் பஞ்சமத்துக்கும் நிஷாதம் மேல் சட்ஜத்துக்கும் ஏறட்டும். உள்ளே அழுத்தி வைத்திருந்த ஒன்று இருபக்கமும் விரிவதுபோல் இருக்கும். பித்தாகரஸ் முறையில் பிரதி மத்திமமும் காகலி நிஷாதமும் இன்றைய கீபோர்டில் இருப்பதைவிடச் சற்று உயரம். போய்ச் சேர வேண்டிய சுரம் அந்த அளவு பக்கத்தில் இருக்கும், இழுப்பும் கூடும். உரசலும் அதன் தீர்வும் ஒரே கணக்கிலிருந்து வருகின்றன. ஆகவே முடிவில் காந்தாரத்தைச் செருகினால் தீர்ந்த இடத்தில் மறுபடி உரசல்தான் வரும்.

அப்புறம் காது மாறியது, கணக்கும் மாறியது. 1482இல் ரமோஸ் த பரேஹா என்ற ஸ்பானியர் பொலோஞாவில் 5:4 காந்தாரத்தைப் பரிந்துரைத்து, நிறைய வசவு வாங்கிக்கட்டிக்கொண்டார். 1523இல் இத்தாலிய இசை அறிஞர் பியத்ரோ ஆரோன், பஞ்சமங்களைக் கொஞ்சம் கொஞ்சம் குறுக்கிக் காந்தாரத்தைச் சுத்தமாக்கும் வழியை எழுதினார். 1558இல் இன்னோர் இத்தாலியர் ஸர்லினோ 5:4 காந்தாரத்துக்கு எண் தத்துவமே கட்டிக்கொடுத்தார்.

இன்று நாம் படிக்கும் கார்டு கணக்கு பெரும்பாலும் 1722இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ போட்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது. 'ச க ப', 'க ப ச', 'ப ச க' மூன்றும் ஒரே கார்டுதான், எது அடியில் வந்தாலும் வேர், அதாவது கார்டின் ஆதாரச் சுரம், சட்ஜமே என்றார். சிறிய காந்தாரம் வரும் மைனர் கார்டை இயற்கையிலிருந்து வருவிக்க மட்டும் கடைசிவரை திண்டாடினார். அது இருக்கட்டும், பெரிய சுமையைக் குறைத்தவர்தான். ஆனால் 'ப ச க' விஷயத்தில் அவர் கணக்கு காதோடு ஒத்துப்போவதில்லை.

ராமோவுக்கு முந்தைய கீபோர்டு கலைஞர்கள் அடிச்சுரத்தின் மேல் எண்களைப் பார்த்து வாசித்தார்கள். பஞ்சமம் அடியில் இருக்க, அதிலிருந்து எண்ணுங்கள்: ப ஒன்று, த இரண்டு, நி மூன்று, ச நான்கு, ரி ஐந்து, க ஆறு. 'ப ச க' என்பது 6–4. அதில் நான்கு மூன்றுக்கும், ஆறு ஐந்துக்கும் இறங்க வேண்டும், அதாவது சட்ஜம் நிஷாதத்துக்கு, காந்தாரம் ரிஷபத்துக்கு. மோட்ஸார்ட்டின் கன்செர்ட்டோக்களில் (தனிக் கலைஞரும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்), முடிவை நெருங்கும்போது ஆர்கெஸ்ட்ரா நின்று தனிக் கலைஞர் மட்டும் வாசிக்கத் தொடங்கும் இடம் பெரும்பாலும் இந்த 6–4தான். அங்கே யாருக்கும் சட்ஜத்துக்கு வந்து சேர்ந்த நிம்மதி வராது. அந்தரத்தில் தொங்கும். ராமோ சொல்படி இது வீடு திரும்பிய கார்டு, பழைய எண்களின்படி இன்னும் பஞ்சமத்தின் வாசலிலேயே நிற்கும் கார்டு. இசையமைப்பாளர் பாஹின் மகன் கார்ல் பிலிப் இமானுவேல், தன் கொள்கைகளும் தந்தையின் கொள்கைகளும் ராமோவுக்கு எதிரானவை என்று எழுதியதாக இசை அறிஞர் கிர்ன்பெர்கர் 1779இல் பதிவு செய்திருக்கிறார்.

சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு பாடநூல் இந்தக் கார்டுக்கு, வேர் சட்ஜம் என்று, ரோமன் எண் ஒன்று (I) போடும்; இன்னொன்று, பஞ்சமத்தைச் சேர்ந்தது என்று, ஐந்து (V) போடும். தேர்வு எழுதும் மாணவர் தன் ஆசிரியர் எந்தக் கட்சி என்று விசாரித்துக்கொண்டுதான் விடை எழுத வேண்டியிருக்கிறது.