உறைந்த காய்கறிப் பொரியல் ஏன் சொதசொதக்கிறது?

நம் பொரியல் முறை பச்சைக் காய்க்காக உருவானது. கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, நறுக்கிய பீன்ஸைக் கொட்டி, கை நிறையத் தண்ணீர் தெளித்து, உப்புப் போட்டு மூடிவைப்போம். சிறிது நேரத்தில் காய் வெந்து, தண்ணீரும் வற்றியிருக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பீன்ஸுக்கும் இதே முறையைக் கடைப்பிடித்தால், வாணலியின் அடியில் பச்சை நிறத் தண்ணீரும் அதில் துவண்டு கிடக்கும் காயும்தான் மிஞ்சும். வேலை முடிந்து இரவில் வீடு திரும்பி அவசரமாகச் சமைப்பவர்கள் பலர், உறைந்த காயில் ருசியே இல்லை என்று முடிவுகட்டுவது இதனால்தான். காயின் மீது பழி போடுவதற்கு முன்னால், அந்தப் பொட்டலத்துக்குள் வருவதற்குள் அது என்னவெல்லாம் பட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதல் செய்தி: அது ஏற்கெனவே பாதி வெந்த காய். தொழிற்சாலையில் பட்டாணியையும் பீன்ஸையும் உறையவைக்கும் முன் கொதிநீரிலோ நீராவியிலோ ஓரிரு நிமிடங்கள் காட்டி, உடனே குளிர்விக்கிறார்கள். பறித்த பிறகும் காய்க்குள் நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர் அவற்றை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது. மைனஸ் 18 டிகிரியில்கூட லிப்பாக்சிஜினேஸ் போன்ற நொதிகள் காயிலிருக்கும் சொற்பக் கொழுப்பை மெல்ல மெல்லச் சிதைத்து, சில மாதங்களில் வைக்கோல் வாடையைக் கொண்டுவந்துவிடும். நொதி என்பது புரதம். சூடு பட்டால் அதன் வடிவம் குலைந்து செயலிழந்துவிடும். சூடு போதுமா என்று பார்க்க ஒரு சாமர்த்தியமான சோதனை உண்டு. காய்கறி நொதிகளில் வெப்பத்துக்கு எளிதில் மசியாதது பெராக்சிடேஸ். வெந்நீரில் காட்டிய காயின் மீது குவாயகால், ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல்களை விடுவார்கள். செம்பழுப்பு நிறம் ஏறினால் அந்த நொதி இன்னும் உயிரோடிருக்கிறது என்று பொருள். நிறம் மாறாவிட்டால், அதைவிடப் பலவீனமான மற்ற நொதிகளும் அடங்கிவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த வெந்நீர்க் குளியல் நொதியோடு நிற்பதில்லை, செல் சவ்வையும் சேர்த்துக் குலைக்கிறது. பச்சை பீன்ஸை ஒடித்தால் 'படக்' என்று ஒடிவதற்குக் காரணம், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீர் அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதுதான். காற்றடைத்த கால்பந்தின் விறைப்பு அது. சவ்வு போனதும் அந்த அழுத்தமும் போய்விடுகிறது.

இரண்டாவது அடி உறையும்போது விழுகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. அதைவிட முக்கியம், படிகங்கள் எந்த அளவில் உருவாகின்றன என்பது. காயிலுள்ள நீரின் பெரும்பகுதி மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரிக்குள் உறைகிறது. இந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் சில படிகங்களே தோன்றி, ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்து செல் சுவர்களைக் கிழிக்கும். விரைந்து கடந்தால் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றும், சேதம் குறைவு. இதன் வணிகப் பயனைக் கண்டுகொண்டவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர். 1910களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடாரில் இருந்தபோது, அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் விறைத்துப்போவதையும், பல வாரங்கள் கழித்து உருக்கிச் சமைத்தாலும் புதிது போலவே இருப்பதையும் கவனித்தார். அவருடைய முறையில் உறையவைத்த உணவு 1930இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. பட்டாணியும் கீரையும் அதில் அடக்கம். இன்று பட்டாணியை உறைகாற்றின் மேல் மிதக்கவிட்டு, மணிமணியாகத் தனித்தனியே உறையவைக்கிறார்கள். மீந்த காயை வீட்டு ஃப்ரீசரில் போட்டு உறையவைத்தால் ஏன் கடைச் சரக்குபோல் வருவதில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. வீட்டு ஃப்ரீசரில் உறைய மணிக்கணக்காகிறது.

ஆக, வாணலிக்கு வரும் பீன்ஸ் பாதி வெந்தது, விறைப்பு இழந்தது, உருகிய உடனே நீரை வெளியே விடத் தயாராக இருப்பது. வேகவைக்கும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. நமக்கு மிச்சமிருப்பது ஈரத்தை விரட்டும் வேலை.

ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 100 கலோரி. அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி. பள்ளிப் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று மனப்பாடம் செய்து, தேர்வோடு மறந்துபோன இந்த எண்களில்தான் பொரியலின் தலையெழுத்து இருக்கிறது. பீன்ஸில் சுமார் 90 சதவீதம் நீர். அரைக் கிலோ பொட்டலத்தை ஒரே வீச்சில் சின்ன வாணலியில் கொட்டினால், 450 கிராம் பனியை உருக்குவதற்கே ஏறத்தாழ 36,000 கலோரி செலவாகும். அதற்குள் வாணலியும் எண்ணெயும் குளிர்ந்துவிடும். காயிலிருந்து நீர் கசியும் வேகத்துக்கு, ஆவியாகும் வேகம் ஈடுகொடுக்க முடியாது. பிறகு அது பொரியலாக இராது. தன் நீரிலேயே தான் கொதிக்கும் காய்தான். ஈரம் இருக்கும்வரை காயின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொரியலுக்கு மணம் தரும் மெய்லார்ட் வினை வேகம் பிடிப்பதோ சுமார் 140 டிகிரியில்.

எனவே அகலமான வாணலி வேண்டும். கனமான இரும்புச் சட்டி என்றால் இன்னும் நல்லது, அதில் சேர்ந்திருக்கும் வெப்பம் முதல் அதிர்ச்சியைத் தாங்கும். அடுப்பு முழுத் தணலில் இருக்கட்டும். காயை உருகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராக, அடிப்பரப்பில் ஒரே அடுக்காகப் பரவும் அளவுக்கு மட்டும் போட வேண்டும். மீதியை அடுத்த ஈடாகப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடத் தெளிக்க வேண்டாம், மூடவும் வேண்டாம். மூடினால் ஏறிய ஆவி தட்டில் பட்டு மறுபடி நீராகிக் காயின் மேலேயே விழும். போட்ட கையோடு கிளறாமல் ஒரு நிமிடம் விட்டுவைத்தால், சட்டியைத் தொடும் பக்கம் உலர்ந்து இலேசாகச் சிவக்கும். பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் பனித்துகளை முதலிலேயே உதறிவிடுவது நல்லது. சூடான எண்ணெயில் அது வெடித்துத் தெறிக்கும்.

உப்பைக் கடைசியில் போட்டால் போதும். சவ்வு குலைந்த காய்க்குள் உப்பு புகுவதற்குத் தடையே இல்லை, சட்டென்று ஏறிவிடும். தேங்காய்த்துருவலும் அப்போதுதான், எஞ்சிய ஈரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். ஆனால் உறைந்த பீன்ஸுக்குப் பரிந்துரைக்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பருப்பு உசிலி என்பேன். ஆவியில் வேகவைத்து உதிர்த்துப் பொன்னிறமாக வதக்கிய துவரம்பருப்பைப் போல ஈரத்தை உறிஞ்சும் பொருள் நம் சமையலில் குறைவு. காயின் குறையை அதுவே மறைத்துவிடும். குருமா, சாம்பார், கூட்டு ஆகியவற்றில் இந்தக் கவலையே இல்லை. கடைசி மூன்று நான்கு நிமிடங்களில் காயைப் போட்டு ஒரு கொதி விட்டால் முடிந்தது.

திறந்துவைத்துச் சமைப்பதில் இன்னொரு லாபம் நிறம். காயிலிருந்து வெளிப்படும் அமிலங்கள் ஆவியோடு வெளியேறிவிடும். மூடிவைத்தால் அவை தங்கி, பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தைப் பிடுங்கி, காயைப் பாசி படிந்த பழுப்பாக்கும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழிவதும் இதற்காகத்தான்.

மைக்ரோவேவில் உருக்கிவிட்டு வதக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பனிக்கட்டி மைக்ரோவேவ் அலைகளை மிகக் குறைவாகவே உறிஞ்சும், திரவ நீர் மிக அதிகமாக உறிஞ்சும். முதலில் உருகிய மூலை மேலும் மேலும் சூட்டை இழுத்துக்கொண்டு வெந்தே போக, நடுவில் பனி அப்படியே இருக்கும். பொரியலுக்கு இது தேவையில்லாத வேலை. கட்டியாக வரும் கீரை மட்டும் விதிவிலக்கு. அதை உருக்கி, இறுகப் பிழிந்த பிறகே வாணலியில் போட வேண்டும்.

எல்லாக் காயும் இந்தப் பாட்டைத் தாங்காது. மாவுச்சத்து நிறைந்த பட்டாணி, மக்காச்சோளம், மொச்சை, மரவள்ளி ஆகியவை நன்றாகவே தாங்குகின்றன. வெள்ளரியும் புடலையும் கூழாகிவிடும்.

கடையில் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்தால் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். மணிகள் தனித்தனியாக உருள வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக இறுகியிருந்தால், எங்கோ வழியில் அல்லது மின்வெட்டில் உருகி, மறுபடியும் மெதுவாக உறைந்த சரக்கு அது. இம்முறை உருவானவை பெரிய படிகங்கள். எந்த இரும்புச் சட்டியாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

பாதி வெந்ததுதானே என்று மக்காச்சோளத்தை உருக்கி அப்படியே சாலட்டில் போடும் பழக்கமும் பரவிவருகிறது. வெந்நீர்க் குளியல் நொதிகளுக்கானது. அதற்குப் பிறகு காய் கடக்கும் இயந்திரங்களில் ஒட்டக்கூடிய கிருமிகளுக்கு அது பாதுகாப்பு தராது, உறைகுளிரும் அவற்றைக் கொல்லாது. ஐரோப்பாவில் 2015 முதல் 2018 வரை உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா தொற்றில் 47 பேர் நோயுற்று, 9 பேர் இறந்தார்கள். மூலம் ஹங்கேரியிலிருந்த ஒரு தொழிற்சாலை என்று பின்னர் தெரியவந்தது. ஆவி பறக்கப் பிரட்டி, காயின் உள்வரை நன்றாகச் சூடேறிய பொரியலில் அந்தக் கிருமி பிழைக்காது.