கதையிசை: 'புரோகிராம் மியூசிக்' என்ற சொல்

பாட்டு வரிகள் இல்லாமல், கருவிகளின் ஒலியாலேயே ஒரு கதையையோ காட்சியையோ மனத்தில் எழுப்பும் இசைக்கு ஐரோப்பிய மரபில் 'புரோகிராம் மியூசிக்' என்று பெயர். அகராதியைப் பார்த்து 'நிகழ்ச்சி இசை' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதினால், ஏதோ விழாவில் வாசிப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

கிரேக்கத்தில் 'ப்ரோ' என்றால் முன்னால். 'கிராஃபீன்' என்றால் எழுதுதல். 'ப்ரோகிராம்மா' என்பது ஊரார் பார்க்க எழுதிவைத்த அறிவிப்பு. 1830இல் பாரிஸில் தன் 'ஃபேன்டாஸ்டிக் சிம்பொனி' அரங்கேறியபோது, காதலில் நொந்த ஒரு கலைஞனின் கதையை அச்சடித்துக் கேட்க வந்தவர்களிடம் கொடுத்தார் பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ். அந்தத் தாள்தான் இங்கே புரோகிராம். காதலிக்கென்று ஒரு மெட்டு. அவள் நினைவு வரும்போதெல்லாம் அது திரும்ப வரும். கடைசியில், சூனியக்காரிகளின் கூத்தில், அதே மெட்டு கிளாரினெட்டில் கோணலாகி நக்கலடிக்கும். 1850களில் இசையமைப்பாளர் ஃப்ரான்ஸ் லிஸ்ட் இந்த வகை இசைக்காக வாதாடி, பெயரையும் நிலைக்கச் செய்தார்.

ஆக, கதையில் பாதி தாளில் இருக்கிறது. குழந்தைகளுக்குச் சொல்லித்தரும்போது இதை மறந்துவிடுகிறோம். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸ் 1886இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் ஆமைக்கு ஒரு பகுதி உண்டு: ஆட்டம்போட வைக்கும் கான்-கான் நடன மெட்டைத் தந்திக் கருவிகள் இழுத்து இழுத்து வாசிக்கும். பெயரைச் சொல்லாமல் போட்டுக்காட்டுங்கள். ஒரு பிள்ளை தாத்தா நடக்கிறார் என்னும், இன்னொன்று தூக்கம் வருகிறது என்னும். எதுவும் தப்பில்லை. அப்புறம் 'ஆமை' என்று சொல்லி மறுபடி போட்டால் சிரிப்பு வரும். தலைப்பு என்ன வேலை செய்கிறது என்பது அந்தச் சிரிப்பிலேயே புரிந்துவிடும்.

ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியேவின் 'பீட்டரும் ஓநாயும்' (1936) வேறு மாதிரி. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ என்னும் ஊதுகுழல், ஓநாய்க்கு ஹார்ன் என்னும் ஊதுகொம்புகள் மூன்று. ஆனால் கதையை ஒருவர் வாயால் சொல்லிக்கொண்டே போகிறார். கண்டுபிடிக்க அதிகம் மிச்சமில்லை.

தமிழில் 'கதையிசை' என்பதே என் தேர்வு. கடலையோ நிலவொளியையோ மட்டும் காட்டும் படைப்புக்குக் 'காட்சியிசை' எனலாம். வேருக்கு நெருக்கமாக 'உரைசார் இசை' என்றும் ஆக்கலாம்தான்; பிள்ளைகள் ஓடிவிடும். எந்தக் கதையையும் சாராத இசைக்கு வழங்கும் எதிர்ச்சொல்லான 'அப்சல்யூட் மியூசிக்'கைத் 'தூய இசை' என்பதும் சரியில்லை, கதையிசை ஏதோ கலப்படம் என்றாகிவிடும். 'கதையில்லா இசை' போதும்.