ஷிஃப்ட்-டெலீட் அழுத்தினால் ஃபைலுக்கு என்ன ஆகிறது?

விண்டோஸில் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் அது எங்கேயும் போவதில்லை. அதே டிரைவில் மறைந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள் வேறு பெயரில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். பழைய பெயர், இருந்த இடம், அழித்த நேரம் எல்லாம் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைலில் எழுதப்பட்டிருக்கும், ரீஸ்டோர் கொடுத்தால் அதைப் பார்த்துத்தான் பழைய இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. 10 ஜிபி வீடியோகூடக் கண்ணிமைப்பதற்குள் ரீசைக்கிள் பின்னுக்குள் போவது இதனால்தான், டேட்டா இருந்த இடத்தைவிட்டு நகர்வதே இல்லை.

ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் விஷயம் வேறு. எந்த ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க ஓர் அட்டவணை உண்டு. அதில் அந்த ஃபைலுக்கான பதிவும், அது பிடித்திருந்த இடமும் காலி என்று குறிக்கப்படும். பட்டாவில் பெயரை அடித்துவிட்டாலும் வீடு இடியாமல் நிற்பதுபோல, வேறொரு ஃபைல் வந்து அந்த இடத்தில் எழுதப்படும்வரை டேட்டா அங்கேயேதான் கிடக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர்கள் எல்லாம் பிழைப்பது இந்த இடைவெளியில்தான். அதனால்தான் அந்த சாஃப்ட்வேரையே அதே டிரைவில் இன்ஸ்டால் செய்யாதீர்கள் என்கிறார்கள், தேடப்போகும் ஃபைலின் மேலேயே அது போய் உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் இதெல்லாம் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குத்தான். இப்போது லேப்டாப்பில் வருவது சுழலும் தட்டு எதுவும் இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி. விண்டோஸ் 7 முதலே, ஃபைல் அழிந்ததும் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் என்ற கட்டளை போகிறது. டிரைவ் தனக்குத் தோதான நேரத்தில் அங்கிருப்பதைத் துடைத்துவிடும். பல டிரைவ்களில் துடைப்பதற்கு முன்பே படித்துப் பார்த்தாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். அப்புறம் எந்தக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் கிடைப்பது அபூர்வம்.

"நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேட்கத்தானே செய்கிறது என்பீர்கள். கேட்கிறது, ஆனால் நாலு முறை பழகிவிட்டால் ஷிஃப்ட்-டெலீட்-என்டர் மூன்றும் சேர்ந்து கைக்கு ஒரே அசைவாகிவிடும், அந்தக் கேள்வியைக் கண் படிப்பதே இல்லை. ஆப்பிளில் மெகின்டாஷ் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: கேள்வி கேட்டுத் தடுப்பதைவிட, செய்ததைத் திரும்பப்பெற வழி கொடுங்கள் என்று. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. சாதாரண டெலீட் என்றால் அந்த விண்டோவிலேயே கண்ட்ரோல்-இசட் அடித்தால் ஃபைல் திரும்பிவிடும், ஷிஃப்ட்-டெலீட்டுக்கு அது கிடையாது.

இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 1987-இல் ஐபிஎம் வகுத்த விதிப்படி ஷிஃப்ட்-டெலீட் என்றால் 'கட்', நோட்பேடில் இன்றைக்கும் அப்படித்தான். எழுத்தில் கட் செய்து பழகிய அதே கை ஃபைல் விண்டோவில் அதை அழுத்தினால் ஃபைலே போய்விடும். கண்ட்ரோல்-எக்ஸ் அப்படியில்லை, பேஸ்ட் செய்யும்வரை ஐகான் மங்கலாகத் தெரியுமே தவிர ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும். பென் டிரைவிலும் ஆபீஸ் நெட்வொர்க் டிரைவிலும் பொதுவாக ரீசைக்கிள் பின்னே கிடையாது என்பதால் அங்கே வெறும் டெலீட்டே நிரந்தரம்.

என்ன செய்யலாம்? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற சாஃப்ட்வேர் தொகுப்பில் கீபோர்டு மேனேஜர் என்று ஒன்று உண்டு. அதில் ஷிஃப்ட்-டெலீட்டை வெறும் டெலீட்டாக மாற்றிவைத்துவிட்டால் பழகிய கையும் ரீசைக்கிள் பின்னுக்குத்தான் அனுப்பும்.

அழிக்காமலேயே அழிவது ஒன்று இருக்கிறது, அதற்கு இதுவும் உதவாது. கீபோர்டில் ஏயும் எஸ்ஸும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். கண்ட்ரோல்-எஸ் என்று நினைத்துக் கண்ட்ரோல்-ஏ அடித்துவிட்டு, தொடர்ந்து டைப் செய்தால் முதல் எழுத்திலேயே மொத்தப் பக்கமும் போய்விடும். அது தெரியாமல் சேவ் செய்து மூடிவிட்டால் ரீசைக்கிள் பின்னில் தேடிப் பயனில்லை, ஃபைல் இருக்கிறது, உள்ளே இருந்ததுதான் இல்லை. இதற்கு முந்தைய பிரதிகள் வேண்டும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களை வேறொரு டிரைவில் எடுத்துவைக்கும், ஆனால் அதை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும், அந்த வெளி டிரைவும் செருகியே இருக்க வேண்டும்.