மூச்சிலிருந்து விழிப்புக்கு ஒரு நரம்புப் பாதை

சுண்டெலியின் மூளைத்தண்டு சில மில்லிமீட்டர் நீளம்தான். அதன் கீழ்ப்பகுதியான முகுளத்தில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிரீ-பாட்சிங்கர் தொகுதி என்று பெயர். பிறந்து சில நாட்களே ஆன எலிகளில் இதை நரம்பியல் ஆய்வாளர் ஜாக் ஃபெல்ட்மனும் அவருடைய சகாக்களும் 1991-ல் அடையாளம் காட்டினார்கள். அதற்குச் சற்று மேலே, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில், லோகஸ் செருலியஸ் என்ற இன்னொரு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை மூளையெங்கும் அனுப்பி விலங்கை விழிப்பாக வைப்பது இது. மூச்சு வேகமெடுக்கும்போது பதற்றமும் கூடுகிறதே, இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆக்ஸான் எனப்படும் நரம்பிழை பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருக்காது. ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடர இயலாது. நரம்பணுவின் சொந்தப் போக்குவரத்துதான் இங்கே கைகொடுக்கிறது. அணுவின் உடலில் தயாராகும் பொருட்களைக் கைனசின் என்ற புரதம் நுண்குழாய்கள் வழியே இழையின் நுனிக்குச் சுமந்து செல்கிறது. டைனீன் என்ற புரதம் நுனியிலிருந்து உடலுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த வேகப் போக்குவரத்து ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரைகூடச் செல்லும்.

நுனியில் ஒரு சாயத்தைக் கொடுத்தால் அது டைனீனோடு தாயணுவுக்கே வந்து சேரும். 1970-களின் தொடக்கத்தில் கோழிக்குஞ்சின் கண்ணுக்குள் குதிரைமுள்ளங்கியிலிருந்து எடுத்த பெராக்ஸிடேஸ் நொதியைச் செலுத்தியபோது, கண்ணுக்கு இழை அனுப்பும் நடுமூளை அணுக்களில் அது தென்பட்டது. எதிர்த் திசையில் தேட, அணு உடல்கள் உள்ளெடுத்து நுனிக்கு அனுப்பும் பொருட்கள் வேண்டும். சிவப்பு பீன்ஸிலிருந்து பிரித்தெடுத்த லெக்டின் என்ற புரதம் அவற்றில் ஒன்று.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். மயக்கமருந்து கொடுத்த விலங்கின் தலையை ஒரு சட்டகத்தில் அசையாமல் பொருத்துவார்கள். மண்டையோட்டின் தையல்கோடுகள் சந்திக்கும் புள்ளியிலிருந்து அளந்து, முடியளவு மெல்லிய கண்ணாடிக் குழாயை இறக்கி, சில பத்து நானோலிட்டர் சாயத்தை மிக மெதுவாக விடுவார்கள். குழாயை உடனே உருவினால் சாயமும் அதன் தடத்திலேயே மேலேறிவிடும்; எனவே சில நிமிடங்கள் அப்படியே வைத்திருப்பார்கள். சில நாட்கள் கழித்து மூளையைப் பதப்படுத்தி, 30, 40 மைக்ரான் தடிமனில் சீவி, சீவல்களை வரிசை மாறாமல் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவார்கள். விளக்கைப் போட்டதும் சாயமேறிய அணுக்கள் இருண்ட பின்னணியில் கிளைகளோடு ஒளிரும்.

இதை அப்படியே நம்பிவிட முடியாது. மூளைத்தண்டு ஒரு பெரிய ரயில் சந்திப்பு: பெருமூளைக்கும் தண்டுவடத்துக்கும் இடையே ஓடும் இழைகள் எல்லாம் இதன் வழியாகவே செல்கின்றன. அங்கே நிற்காமல் கடந்துபோகும் இழை ஊசியால் காயம்பட்டுச் சாயத்தைக் குடித்துவிட்டால், இல்லாத தொடர்பு ஒன்று இருப்பதாகத் தோன்றும். பழைய வரைபடங்கள் பலவற்றை இதனால்தான் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு முனையில் தெரிந்தது மறுமுனையிலிருந்து தேடும்போதும் தெரிய வேண்டும் என்று ஆய்வாளர்கள் பிடிவாதம் பிடிப்பது முற்றிலும் நியாயம்.

மரபணு முறைகள் இந்தக் குழப்பத்தை வெகுவாகக் குறைத்தன. குறிப்பிட்ட மரபணு இயங்கும் அணுக்கள் மட்டும் ஒளிரும் புரதத்தைத் தயாரிக்கச் செய்தால், கடந்துபோகும் இழைகள் இருட்டிலேயே இருக்கும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களும் ஃபெல்ட்மனின் குழுவும் 2017-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நடந்தது. பிரீ-பாட்சிங்கர் தொகுதியில் சிடிஎச்9 என்ற மரபணு இயங்கும் ஒரு சிறு அணுக்குழுவைப் பிரித்து ஒளிரவிட்டார்கள். அதன் இழைகள் லோகஸ் செருலியஸில் போய் முடிந்தன.

இழை போய்ச் சேர்கிறது என்பதால் அது ஏதோ செய்கிறது என்று ஆகிவிடாது. எனவே அந்த அணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். எலிகள் தொடர்ந்து மூச்சுவிட்டன. ஆனால் புதிய கூண்டில் விட்டால் வழக்கமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு துருவித் திரிபவை, நிதானமாக மூச்சுவிட்டபடி அமைதியாக உட்கார்ந்து உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. லோகஸ் செருலியஸின் செயல்பாடும் தணிந்திருந்தது.

உயிருள்ள மனிதரின் மூளைத்தண்டில் இப்படிச் சாயமோ, ஒளிரும் புரதத்தின் மரபணுவைச் சுமந்து செல்லும் வைரஸோ செலுத்த வழியில்லை. நீர்மூலக்கூறுகள் பரவும் திசையைப் பதிவுசெய்யும் எம்ஆர்ஐ தடித்த இழைக்கற்றைகளைக் காட்டும். சமிக்ஞை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காட்டாது. இவ்வளவு சிறிய அணுக்குழுவிலிருந்து புறப்படும் இழைகளைப் பிரித்தறிய அதன் கூர்மையும் போதாது.