டிரம்பெட் ஊதத் தெரிந்தவர்களுக்கு விமானப்படையிலும் கடற்படையிலும் இடம்: அக்னிவீர் இசைக்கலைஞர் பணி

தர்மபுரி பக்கம் ஆடி மாதத் திருவிழா எதற்குப் போனாலும் பேண்டு செட்டில் டிரம்பெட், கிளாரினெட் ஊதும் பையன்கள் நாலு பேரைப் பார்க்கலாம். ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், வாசித்துவிடுவார்கள். வாசிப்பதற்கென்றே படையில் ஆள் எடுக்கிறார்கள் என்பது இவர்களில் பலருக்குத் தெரியாது.

விமானப்படையில் இது அக்னிவீர்வாயு மியூசிசியன், கடற்படையில் அக்னிவீர் எம்.ஆர். (மெட்ரிக் ரெக்ரூட், அதாவது பத்தாம் வகுப்புத் தகுதியில் சேர்பவர்) மியூசிசியன். இரண்டும் 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் என்ற நான்கு வருடப் படைப்பணித் திட்டத்துக்குள் வருபவை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். திருமணமாகாத ஆண், பெண் இருவரும் விண்ணப்பிக்கலாம். வயது பதினேழரை முதல் 21 வரை.

விமானப்படைத் தேர்வில், வாத்தியத்தைச் சொன்ன சுருதிக்குச் சேர்க்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் ஸ்வரத்தைப் பாடியோ வாசித்தோ பிடிக்க வேண்டும். ஒரு பாட்டை முழுதாகப் பாட வேண்டும். இதுவரை நம் பையன்கள் சமாளிப்பார்கள். இடறுவது நொட்டேஷனில்தான், அதாவது எழுதி வைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசிப்பதில். அதற்காக மேற்கத்திய நொட்டேஷன்தான் தெரிய வேண்டும் என்று பயப்பட வேண்டாம். கர்நாடக ஸ்வரக் குறிப்பும் செல்லும், இந்தியச் செவ்வியல் வாத்தியங்களும் செல்லும். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு. பத்தாவது முடித்ததும் சேர்ந்தால் படிப்பு முடியும்போது வயது வரம்பு தாண்டியிருக்காது.

அப்புறம் ஓட்டம். 1.6 கிலோமீட்டரை விமானப்படைக்கு ஆண்கள் 7 நிமிடத்திலும் பெண்கள் 8 நிமிடத்திலும் ஓட வேண்டும். மூச்சைக் கட்டி ஊதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தேர்வும் உண்டு; தமிழ்வழியில் படித்தவர்கள் இதற்கு முன்கூட்டியே தயாராவது நல்லது. 2024இல் விமானப்படை இந்தத் தேர்வை நடத்திய ஊர்களில் பெங்களூரும் ஒன்று. ஓசூர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி.

சம்பளம் முழுதும் கைக்கு வரும் என்றுதான் ஊரில் தப்பாகச் சொல்கிறார்கள். முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய் என்பது சரி. ஆனால் அதில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள், கையில் வருவது 21,000. நான்காம் வருடம் 40,000, கையில் 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். நான்கு வருடம் முடிந்து வெளியே வரும்போது இந்த இரண்டும் சேர்ந்து சேவா நிதி என்ற பெயரில் சுமார் 10 லட்சமும், அதற்கு மேல் வட்டியும் கிடைக்கும். அதற்கு வருமான வரி கிடையாது. பென்ஷனும் கிடையாது. நான்கு பேரில் ஒருவர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள்.

வேலை கிடைத்ததும் வீட்டில் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். விமானப்படையில் அந்த நான்கு வருடமும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இதை விண்ணப்பிக்கும் முன்பே அம்மாவிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.