இயற்கை விவசாயத் தொகுப்பில் பெயர் கொடுக்கும் முன் கரம் (நிலவரி) ரசீதைப் பாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் எங்கள் சித்தூர் தாலுகாப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாட்டத்துக்கு (குத்தகைக்கு) 60 சென்ட் எடுத்துக் காய்கறி போடும் ஒரு அக்கா இரண்டு வருடம் மருந்தே அடிக்கவில்லை. சாணமும் கோமியமும் கரைத்து ஊற்றியே மண்ணைத் தேற்றினார். உதவித்தொகைப் பட்டியல் வந்தபோது அதில் இருந்தது நிலக்காரர் பெயர். ஊருக்கே காய் கொடுத்தவர் வீட்டில் அந்த மாதம் ரேஷன் அரிசியும் ரசமும்தான். அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

திட்டம் இதுதான்: பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா, 2015-இல் மத்திய அரசு தொடங்கியது. பக்கத்து நிலங்களைச் சேர்த்து 20 ஹெக்டேர் தொகுப்பாக்குவார்கள். மூன்று வருடத்துக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய். ஆனால் உங்கள் கணக்குக்கு வருவது இடுபொருளுக்கான 15,000 மட்டும். மீதி பயிற்சி, சான்றிதழ், விற்பனைக்குப் போய்விடும். ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் மூன்று வருடத்துக்கும் சேர்த்து சுமார் 6,000. அறுபது சென்டுக்கு 3,600 சொச்சம். முப்பதாயிரம் கைக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பி உரக்கடையில் கடன் வைக்காதீர்கள்.

பெரிய சிக்கல் பாட்டம். கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகையை அனுமதிப்பதில்லை. அதனால் நிலக்காரர் எழுதிக் கொடுக்கப் பயப்படுவார், கிருஷிபவனில் (வேளாண் அலுவலகத்தில்) கரம் ரசீது கேட்பார்கள், நீங்கள் நடுவில் நிற்பீர்கள். தனியாக அலைவதைவிட, கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் விவசாயக் குழுவில் சேர்ந்து போங்கள். பாட்ட நிலத்தில் பயிர் செய்யவே அந்தக் குழுக்கள் இருக்கின்றன. பட்டியல் போகும் முன்பே ‘பணம் யார் கணக்குக்கு வரும்?’ என்று கேட்டு, பட்டியலைக் கண்ணால் பாருங்கள். கேட்டால் கோபப்படுவார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

அடுத்தது பெயர். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல், நிலப் பத்திரத்தில் வீட்டுப்பெயர். எல்லை ஊர்களில் பாதிப் பேருக்கு இப்படித்தான். இரண்டும் ஒரே ஆள் என்று வில்லேஜ் ஆபீஸில் சான்று வாங்கலாம். மனு கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு நடை மிச்சம்.

ஆதார் வழியாக வரும் பணம் நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்த்து வராது. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பொள்ளாச்சியில் என்றோ தொடங்கிய கணக்கு அதுவாக இருக்கலாம். ‘வரவில்லை’ என்று ஆபீஸுக்கு நடப்பதற்கு முன் வங்கியில் கேளுங்கள்.

மலையாளத்தில் எழுதத் தெரியாது என்று திரும்பி வர வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த ஊர்களில் உள்ளூர் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதிலும் கேட்கலாம். கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் கொடுத்த உரிமை இது. எதைக் கொடுத்தாலும் தேதி போட்ட ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.

அப்புறம் சான்றிதழ். காய்கறி, நெல்லுக்கு 24 மாதம், தென்னைக்கு 36 மாதம் கழித்துத்தான் முழு இயற்கைச் சான்று. அதுவரை ‘மாறிக்கொண்டிருக்கும் நிலம்’ என்ற பச்சை முத்திரைதான். இந்த மாதக் கணக்கு நிலத்துக்கு, உங்களுக்கு அல்ல. பாதியில் நிலக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்டால், அடுத்த நிலத்தில் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பாட்டத்தை மூன்று வருடத்துக்குப் பேசி முடித்துவிட்டுப் பெயர் கொடுங்கள்.