பட்டினியும் சுகர் மாத்திரையும் ஒன்றாகப் போகாது

சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே சாப்பாட்டை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல இனி எனக்குத் தெம்பு இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கடலூரிலும் பாண்டியிலும் வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். டயட் வீடியோக்கள் அந்த வழியாகத்தானே வருகின்றன.

போன வாரம் என்னிடம் வந்த நோயாளி ரெட்டிச்சாவடிப் பக்கம் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை. மருமகன் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, காலையும் இரவும் வெறும் வயிறு, மதியம் மட்டும் முட்டையும் பாதாமும் என்று ஆரம்பித்திருக்கிறார். சில நாளில் கல்லாவில் உட்கார்ந்தபடியே சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார், உடம்பெல்லாம் வியர்வை. அட்டாக் என்று பயந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தால் சுகர் நாற்பதுக்கும் கீழே. குளூக்கோஸ் ஏற ஏறக் கண்ணைத் திறந்தவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், இதனால டயட்டு கெட்டுப்போயிடுமா?"

அவர் மனைவி பக்கத்தில் நின்று, "மாத்திரைய மட்டும் ஒரு வேளைகூட விடல டாக்டர்" என்றார், பெருமையாக. அம்மா, பிரச்சினையே அதுதான்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுபவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை, வெறும் வயிற்றிலும் சுகரை இறக்கிவிடும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் நம் ஊரில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையாகத்தான் பலருக்கும் போகிறது. அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு பெயர் இருக்கும்.

இன்னொரு வகை, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மருந்துகள், நானே நிறைய எழுதித் தருகிறேன். ஆனால் இதைப் போட்டுக்கொண்டு சோறு, இட்லி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திப் பேலியோ டயட்டில் இறங்கினால் சிலருக்கு, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும். இதில் உள்ள சூழ்ச்சி, சுகர் பெரிதாக ஏறியிருக்காது. மீட்டரில் 180 என்று காட்டும். ஆள் வாந்தி எடுப்பார், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். கேஸ் டிரபிள் என்று நினைத்து ஒரு ஊசியோடு வீட்டுக்கு அனுப்பப்படுவதும் நடக்கிறது. (சக மருத்துவர்கள் யாராவது படித்தால்: ஃப்ளோசின் போடுபவர் வாந்தியோடு வந்தால், மீட்டர் என்ன சொன்னாலும் ஒரு முறை கீட்டோன் பார்த்துவிடுங்கள்.)

நம் பகுதியில் இது யாரோ ஒருவருக்கு நடக்கிற அபூர்வம் என்று தள்ளிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய இண்டியாப் என்ற நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023இல் வந்தன. புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். ஆக, "எல்லாரும் ட்ரை பண்ணலாம்" என்று ஒருவர் வீடியோவில் சொன்னால், கேட்பவர்களில் நான்கில் ஒருவர் சுகர்காரராக இருக்க வாய்ப்பிருக்கிறது.

"லண்டன்ல ஷேக் குடிச்சே சுகர் போயிடுச்சாமே டாக்டர்?" என்று கேட்பார்கள். உண்மைதான், லண்டன் மட்டும் தப்பு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் மைக் லீனும் ராய் டெய்லரும் நடத்திய டைரக்ட் என்ற ஆய்வு, 2017இல் வெளிவந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாக நாளுக்கு ஏறக்குறைய 850 கலோரிக்கு ஷேக், சூப் மட்டும் கொடுத்து மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சுகர் கட்டுக்குள் இருந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அதில் முதல் நாளே சுகர் மாத்திரைகளையும் பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டுத்தான் ஷேக்கைக் கொடுத்தார்கள். சேர்ந்தவர்கள் இன்சுலின் போடாதவர்கள், சுகர் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாதவர்கள். பக்கத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொண்டார்கள். இந்த வரிகள் எந்த வீடியோவிலும் வருவதில்லை.

சரி, மாத்திரை எதுவும் போடாதவர்கள் பட்டினி கிடக்கலாமா? இங்கேதான் எனக்கு ரொம்ப எரிச்சல் தரும் விஷயம் வருகிறது.

எடை குறையும் என்று சொல்லிக் காலையில் பவுடரைக் கரைத்து ஷேக் ஊற்றிக் கொடுக்கும் இடங்கள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. சுவரில் "முன்", "பின்" என்று இரண்டு படம் ஒட்டியிருப்பார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்த மூன்றாவது படத்தை எங்கேயும் நான் பார்த்ததில்லை. அந்த மூன்றாவது படம் என்னிடம்தான் வந்து உட்காருகிறது. குறைந்ததெல்லாம் திரும்ப ஏறி, மேலே இரண்டு கிலோவும் சேர்ந்து, கண் கலங்கி. "எனக்கு வாயைக் கட்டத் தெரியல டாக்டர்" என்பார்கள். பவுடர் விற்றவரும் அதையேதான் சொல்லி அனுப்பியிருப்பார். குறைந்தால் பவுடரின் மகிமை, ஏறினால் உங்கள் மனவுறுதி சரியில்லை. நல்ல வியாபாரம்.

மனவுறுதி என்ற இந்தப் பேச்சை மருத்துவம் எப்போதோ ஆராய்ந்து பார்த்துவிட்டது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944-45இல், மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். திடகாத்திரமானவர்கள், கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள். மனவுறுதி இல்லாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. 24 வாரம் அரைப்பட்டினி. உடல் எடையில் கால்வாசி போனது. அந்த அரைப்பட்டினி கிட்டத்தட்ட 1,600 கலோரி, இன்று "டயட் சார்ட்" என்று கையில் கொடுப்பதைவிடப் பல நேரம் அதிகம்! அந்தப் பையன்கள் சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியாமல் போனார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். குளிரில் நடுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். திரும்பச் சாப்பாடு கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. உடம்பில் கொழுப்பு பழைய அளவையும் தாண்டி ஏறியது.

ஏன் என்பதற்கு விடை பிறகு கிடைத்தது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பு இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கொழுப்பு குறைந்தால் லெப்டின் விழும், மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 2011இல் மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழு, பத்து வாரத்தில் சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்தும் சோதித்தது. பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் அடங்கவில்லை. அமெரிக்காவில் எடைக்குறைப்புப் போட்டி ஒன்று டிவியில் ஓடியது, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் பரிசோதித்தார். குறைத்தது சராசரி 58 கிலோ, அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறேழு இட்லி அளவு. அவ்வளவு குறைத்துச் சாப்பிட்டால்தான் எடை அப்படியே நிற்கும், பசியோ முன்பைவிட அதிகம். இதில் வாயைக் கட்டச் சொல்பவர் ஒரு வாரம் கட்டிப் பார்க்கட்டும்.

ஒரே சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டுவதும் இல்லை. 1990இல் கனடாவில் கிளாட் பூஷார் 12 ஜோடி இரட்டையர்களுக்கு வாரம் ஆறு நாள், நாளுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தார். நூறு நாளில் ஒருவருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13. கூடப்பிறந்த இரட்டையருக்கு ஏறியது மட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. "அவளும் இதேதான் சாப்பிடுறா, இருந்தும் ஒல்லியா இருக்காளே" என்று மருமகளைக் கேட்கும் மாமியார்கள் இதைப் படிக்க வேண்டும்.

இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகளும் இதையே காட்டுகின்றன. செமாக்ளூடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தார்கள் என்றது 2021இல் வந்த ஆய்வு. நேற்றுவரை மனவுறுதி இல்லாதவர்களுக்கு ஊசியிலா மனவுறுதி ஏறியது? பசி அடங்கியது, அவ்வளவுதான். நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதும் அதே காரணத்தால்தான். இந்தியாவில் இதே மாதிரியான மவுஞ்சாரோ என்ற ஊசி 2025 மார்ச்சில் வந்தது, அதன்பின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு "ஊசி போட்டுவிடுங்க" என்று வருகிறார்கள். இரண்டு மாதத்துக்கு என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காதீர்கள். கணைய அழற்சி வந்தவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், கிளிமிபிரைடோ இன்சுலினோ போடுபவர்கள் முதலில் பேசிவிட்டுத்தான். எந்த வழியிலானாலும் மளமளவென்று எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாமா? செய்யுங்கள், மெதுவாக. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களை இரண்டரை வருடம்போலக் கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. நடையும் உணவு மாற்றமும் நீரிழிவு வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! தராசு முள் அசையாததைப் பார்த்து நடையை நிறுத்திவிடுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். தேவனாம்பட்டினம் பீச்சோ, மஞ்சக்குப்பம் மைதானமோ, மாலையில் வண்டி விடாத பாண்டி கடற்கரைச் சாலையோ, வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். முடித்துவிட்டு பஜ்ஜிக் கடையில் நிற்க வேண்டாம்.

தராசைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தாண்டினால் சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கு 23க்கு மேலே போனாலே நமக்குக் கூடுதல் எடைதான், வெள்ளைக்காரர் கணக்கு நமக்கு வேண்டாம்.

சுகர்காரர்களுக்கு மறுபடியும். விரதமோ, பேலியோவோ, ஷேக்கோ, ஆரம்பிக்கும் முன்பு மாத்திரை அளவை மாற்ற வேண்டும், அதை நீங்களே செய்யக் கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே படுத்துவிடாதீர்கள். கிளிமிபிரைடு போட்டவருக்குச் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கும், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசேஷத்தில் பார்த்ததும் "என்ன, வெயிட்டு போட்டுட்ட?" என்று கேட்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வயசுப் பெண்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுநாள் காலை டிபனை விடுகிறார்கள்.

அடுத்த முறை வரும்போது எல்லா மாத்திரை அட்டையும் பையில் இருக்கட்டும். பவுடர் டப்பாவையும் ஒளிக்காமல் எடுத்து வாருங்கள். ரொம்பத் திட்ட மாட்டேன். பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.